யார் அந்த எம். இராமகிருஷ்ணன்?

சென்னை
10-2-1969

அன்புள்ள அப்பாவுக்கு,

மங்கை வணக்கத்துடன் எழுதுவது. நானும் அவரும் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்" என்றுதான் எழுதப்போகிறீர்கள். இருந்தாலும் கேட்கிறேன்.

இன்று எனக்கு வந்திருக்கும் ஆத்திரத்தில் பாதியையாவது இந்தத் தாளில் இறக்கிவைத்தால்தான் சோறு இறங்கும். எங்கள் டிபார்ட்மென்ட்டில் லெக்சரருக்கு அடுத்த படியான ரீடர் பதவி காலியாகியிருக்கிறது. ஜூன் 14-ந் தேதி கமிட்டி கூடி ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. நானும் குழந்தைவேலுவும்தான் போட்டி. குழந்தைவேலு நல்ல பையன்தான். ஆனால் மைக்ராஸ்கோப்பை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்தவளே நான்தான்.

எங்கள் தலைவர் டாக்டர் ஜம்புலிங்கம் அமெரிக்காவிலிருந்து ஒரு தடித்த புத்தகம் வரவழைத்திருக்கிறார். ஒருவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையை உலகத்தில் வேறு யார் யார் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று பெயர்வாரியாக அதில் அச்சிட்டிருக்கிறார்கள். எத்தனை பேர் எடுத்துக்காட்டினார்களோ அவ்வளவு மதிப்பு. இனிமேல் கமிட்டி அதைப் பார்த்துத்தான் ஆள் எடுக்குமாம். இன்று என்னைக் கூப்பிட்டு "பி. மங்கையர்க்கரசி" என்று தேடினார். இரண்டே இரண்டு தடவை இருந்தது. அதில் ஒன்று நானே என்னை எடுத்துக்காட்டியது.

அதோடு விட்டாரா? "உங்க சப்ஜெக்ட்லயே ஒருத்தர் இருக்காரும்மா. எம். இராமகிருஷ்ணன். கடல் முள்ளெலி முட்டை ரெண்டா பிளக்கிறதப் பத்தி ஒரே ஒரு கட்டுரைதான் எழுதியிருக்கார். நாப்பது இடத்துக்கு மேல எடுத்துக்காட்டியிருக்காங்க. நம்ம ஊர்க்காரர் மாதிரிதான் தெரியுது. அவரத் தேடிப்பிடிச்சுப் படிங்க, நீங்களும் உருப்படலாம்" என்றார்.

அது என் கட்டுரை அப்பா! வண்டூர்க் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அந்த முள் உருண்டைகளைப் பொறுக்கி, ஜங்லிகாட் வீட்டுச் சமையலறையில் தொட்டி கட்டி, இரண்டு வருஷம் செய்த வேலை. கல்யாணத்துக்கு முன்னால் லண்டன் பத்திரிகைக்கு அனுப்பியபோது "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஆர். என்ற இனிஷியலை விரித்து, என் பெயருக்குப் பின்னால் உங்கள் பெயரை எழுதினேன். அவன் உங்களைப் பெரிதாகப் போட்டு, என்னை எம். என்ற ஒற்றை எழுத்தாக்கிவிட்டான். கல்யாணத்துக்குப் பிறகு நான் பி. மங்கையர்க்கரசி. இருவரும் ஒருத்தி என்று யாருக்குத் தெரியும்?

தலைவர், "அத்தாட்சி கொண்டு வாங்க, கமிட்டியில வைக்கிறேன்" என்கிறார். ஆகையால் நீங்கள் மாஜிஸ்திரேட் முன்னால் ஒரு பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டும். நீங்கள் மர ஆலையில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், ஆராய்ச்சி எதுவும் செய்ததில்லை, அந்தக் கட்டுரை உங்கள் மகள் எழுதியது. இவ்வளவுதான். உடனே அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
மங்கை


ஜங்லிகாட்
போர்ட் பிளேர், அந்தமான்
1-3-1969

சௌபாக்கியவதி மங்கைக்கு அப்பாவின் ஆசிகள்.

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பது அறிந்து நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். உன் அம்மா முழங்காலுக்கு யாரோ சொன்னார்கள் என்று ஏதோ எண்ணெய் தடவி, வீடு முழுக்க நாற்றம். கூரைத் தகரம் ஒன்று தூக்கிக்கொண்டுவிட்டது. ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் "கல் ஆயேகா சாப்" என்கிறான். அவனுடைய அந்த "நாளைக்கு" என்றைக்கு வருமோ தெரியாது.

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். நாற்பது இடம் என்று எழுதியிருக்கிறாயே, எந்தெந்த தேசம்? ருஷ்யா உண்டா? பஜாரில் பாலசுப்பிரமணியம் கடையில் நாலு பேர் இருந்தார்கள், அவர்களிடம் சொன்னேன். நம்முடைய மாப்பிள்ளை பெயரேதான் கடைக்காரனுக்கும், ஆனால் இவன் வாய் ஓயாதவன். "எம். என்றால் மிஸ்டர்தான் சார், வெள்ளைக்காரன் சுருக்கிப் போட்டிருக்கிறான்" என்று அடித்துச் சொல்கிறான். அவன் கிடக்கிறான்.

அட்டைகள் ஒன்றிரண்டு வெளிநாட்டிலிருந்து இந்த விலாசத்துக்கு வந்தன. பதில் போட்டுவிட்டேன். நீ கவலைப்பட வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழித்து அந்தக் கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டிருக்காதே.

அப்பா,
கே. இராமகிருஷ்ணன்


சென்னை
14-3-1969

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் எழுதிய கடிதத்தில் கூரைத் தகரத்தின் நலம்தான் விரிவாக இருந்தது.

வாக்குமூலம் எங்கே? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே! இன்னொன்று. கல்யாணமாகி ஆறு வருஷமாகிறது. இன்னமும் உறைமேல் "ஆர். மங்கையர்க்கரசி" என்றே எழுதுகிறீர்கள். எங்கள் பியூன் "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று திருப்பிக் கொடுத்து, அது மறுபடி சுற்றிக்கொண்டு வந்தது. எத்தனை தடவை சொல்வது?

அந்த அட்டைகள் எதற்கு வந்தன என்று தெரியுமா? பத்திரிகைக்காரன் கட்டுரை எழுதியவருக்குத் தனிப்பிரதிகள் கொஞ்சம் கொடுப்பான். பத்திரிகை கைக்கு எட்டாத ஆராய்ச்சிக்காரர்கள் எழுதியவருக்கே அட்டை போட்டு ஒரு பிரதி கேட்பார்கள். அப்போது எனக்கு வேலை இல்லாததால் ஜங்லிகாட் விலாசத்தைக் கொடுத்திருந்தேன். என் தனிப்பிரதிகள் மாடியில் தகரப் பெட்டியில் இருக்கின்றன. அப்படியே வைத்திருங்கள். கமிட்டி முன்னால் வைக்க வேண்டும். யாருக்கு என்ன பதில் போட்டீர்கள் என்று விவரமாக எழுதுங்கள்.

வாக்குமூலத்தில் என்ன எழுத வேண்டும் என்று வக்கீலைக் கேட்டு டைப் அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் யோசிக்கவே வேண்டாம். கையெழுத்து மட்டும் போடுங்கள்.

அம்மாவை டாக்டரிடம் காட்டுங்கள். எண்ணெய் போதும்.

மங்கை


ஜங்லிகாட்
2-4-1969

சௌபாக்கியவதி மங்கைக்கு அநேக ஆசீர்வாதம். உன் உடம்பும் மாப்பிள்ளை உடம்பும் எப்படி? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மற்றபடி குறைவில்லை.

நீ கேட்ட விவரம்: அட்டைகள் ஒன்றிரண்டு அல்ல, கொஞ்சம் அதிகம். முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸில் இருந்தவன் நான். வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் ஒருநாளும் மேஜையை விட்டு எழுந்ததில்லை. உன் பெட்டியில் இருந்த பிரதிகளை ஒவ்வொன்றாக அனுப்பினேன். "ஐயா, தங்கள் அட்டை கிடைக்கப்பெற்றது. கோரிய பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை அனுப்பவும்" என்று முறையாக எழுதினேன். ஒப்புகை அனுப்பாதவர்களுக்கு ஒரு மாதம் பார்த்து நினைவூட்டு அனுப்பினேன். ஸ்வீடன்காரர் ஒருவர் இரண்டாம் நினைவூட்டுக்குப் பிறகுதான் மன்னிப்புக் கேட்டு எழுதினார்.

பெட்டி காலியாகிவிட்டது. அதற்காக வருகிறவனிடம் இல்லை என்று சொல்ல முடியுமா? டாலிகஞ்ச்சில் டைப் அடிக்கும் இந்திராணியிடம் கொடுத்துக் கார்பன் வைத்து அடித்து வாங்கினேன். முட்டை பிளக்கும் படங்களை மட்டும் டிராயிங் ஆபீஸ் உதயசூரியன் ட்ரேஸிங் பேப்பரில் எடுத்துக்கொடுத்தான். ரொம்ப சுத்தமான கை. மூன்றாவது படத்தில் முட்டைக்குள் தெரியும் நூல்கள் கோணலாக இருக்கின்றன என்று அவனே நேராக்கிவிட்டான்.

மாஜிஸ்திரேட் கார் நிகோபார் தீவுக்கு டூர் போயிருக்கிறார். வந்ததும் பார்க்கலாம்.

பெட்டி காலி என்று மனசில் வைத்துக்கொள்ளாதே.

அப்பா,
கே. இராமகிருஷ்ணன்


சென்னை
18-4-1969

அப்பாவுக்கு,

எல்லோரும் நலமென்று நம்புகிறேன். நான் நலமில்லை.

நேராக்கிவிட்டானா? ஐயோ அப்பா! அந்த நூல்கள் கோணலாக இருக்கின்றன என்பதுதான் என் கட்டுரையே! ஒரு முட்டை இரண்டாகப் பிளக்கும்போது உள்ளே நூல் நூலாக ஒன்று உண்டாகி இரண்டு பக்கமும் இழுக்கிறது. அந்த நூல் எந்தப் புரதத்தால் ஆனது, ஏன் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று பார்க்கத்தானே இரண்டு வருஷம் உப்புத் தண்ணீரில் கால் ஊறினேன்! உதயசூரியன் ஸ்கேல் வைத்து நேராக்கி ஸ்வீடனுக்கு அனுப்பிவிட்டானா?

இதைவிடப் பெரிய இடி நேற்று விழுந்தது. தலைவர் புதிதாக வந்த இத்தாலியப் பத்திரிகையைப் பிரித்துக் காட்டினார். "போர்ட் பிளேர் கே. இராமகிருஷ்ணன் தனிக் கடிதம் மூலம் தெரிவித்தபடி, மழை பெய்த மறுநாள் எடுத்த கடல்நீரில் முட்டைகள் பிளப்பதில்லை" என்று அச்சில் இருக்கிறது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க அப்பா ஆராய்ச்சியே பண்ணதில்லன்னீங்களே?" என்கிறார். குழந்தைவேலு பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

அந்த மழைத்தண்ணீர் விஷயம் நான் சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் புலம்பியது. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அதை எப்போது காதில் வாங்கினீர்கள்? வாங்கினாலும் இத்தாலிக்கு ஏன் எழுதினீர்கள்? விஞ்ஞானக் கேள்விக்கெல்லாம் பதில் எழுத உங்களை யார் கேட்டது?

இப்போது வாக்குமூலம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஜூன் 14. மாஜிஸ்திரேட் இன்னமுமா டூரில் இருக்கிறார்?

மங்கை


ஜங்லிகாட்
9-5-1969

கண்ணு மங்கைக்கு அம்மா ஆசீர்வாதம் பண்ணி எழுதுறது. நல்லா இருக்கியா? மாப்பிள்ளைக்கு வயித்து எரிச்சல் தேவலையா? எனக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கு. நீ சொன்னேன்னு ஆஸ்பத்திரி போனேன். அந்த டாக்டர் எழுதித் தந்ததும் ஒரு எண்ணெய்தான்.

உங்கப்பா உன் கடுதாசிக்குப் பதில் போடாம உக்காந்திருக்கார். நான் எழுதுறது அவருக்குத் தெரியாது. மாஜிஸ்திரேட்டு டூரும் போகல, கீரும் போகல. தெனம் நம்ம வீட்டு வழியாத்தான் ஜீப்புல போறார். இவரும் மூணு தடவ இஸ்திரி போட்ட சட்டையப் போட்டுக்கிட்டு அந்தப் பேப்பரோட போயிட்டு வந்தாச்சு. போன வேகத்துல திரும்பி வந்துடறார். ஏன்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறார். நேத்து நான் விடல. புடிச்சு உலுக்கிக் கேட்டேன். "அதுல பி. மங்கையர்க்கரசின்னு போட்டிருக்குடி. அது மாப்பிள்ள பேரு. நான் எப்படி அதுல கையெழுத்துப் போடுவேன்"ங்கிறார்.

உனக்குச் சொல்லாம வெச்சிருந்தேன். கல்யாணம் ஆகி நீ போட்ட மொத கவர்ல, பின்பக்கம் பி.ன்னு எழுதியிருந்தே. அதக் கையில வெச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தார். நான் காப்பி கொண்டாந்து வெச்சேன், ஆறிப்போச்சு. அப்புறம் எழுந்திருச்சு, காஞ்சு கெடந்த சாக்கடைய மம்பட்டிய எடுத்துக் குத்தப் போயிட்டார். கல்யாணமான பொண்ணு இனிஷியல மாத்துறது ஊரு உலகத்துல இல்லாததா? எங்கப்பா என்ன அழுதாரான்னு கேட்டேன். "ஒங்கப்பா உன்ன வண்டூர்ல தண்ணிக்குள்ள விட்டுட்டுக் கரையில குடையப் புடிச்சிக்கிட்டு நின்னாரா"ன்னு கத்துறார்.

இவர் இப்படித்தான். நீ மனசுல வெச்சிக்காதே. ஆனா எதுனா பண்ணு. ஜல்தி பண்ணு.

அம்மா,
மீனாம்பாள்


சென்னை
20-5-1969

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. அம்மா எழுதிவிட்டாள். அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

ஆர். போட்டால் இவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார். பி. போட்டால் நீங்கள் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். இவரிடம் இந்தப் பிரச்சினையைச் சொன்னேன். "அந்தக் கட்டுரையிலும் பி. என்று போட்டிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காதே" என்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் எழுதியதில் எப்படிப் போடுவது என்று கேட்டால், பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறார். நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஒரு எழுத்துக்காக இப்படி அடித்துக்கொண்டால், காலில் முள் குத்திக்கொண்டு தண்ணீரில் நின்றவள் யார்? நாற்பது பேர் எடுத்துக்காட்டியதில் என் பெயர் ஒற்றை எழுத்து. அதுவும் மிஸ்டராம்!

நீங்கள் கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றதை நான் மறக்கவில்லை. அதற்காக இந்த வேலையை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. குழந்தைவேலு எனக்கு மேலதிகாரியாக வந்தால், இனிமேல் என்ன ஆராய்ச்சி செய்யலாம் என்று நான் அவனைக் கேட்க வேண்டும். மைக்ராஸ்கோப்பை எனக்கு எப்போது தரலாம் என்று அவன் சொல்வான். பத்து வருஷம் இந்த முட்டைகளோடு மாரடித்தது அதற்குத்தானா?

புதிதாக ஒன்று டைப் அடித்து அனுப்பியிருக்கிறேன். அதில் ஆர். இல்லை, பி. இல்லை. "மங்கையர்க்கரசி என்ற என் மகள்" என்று மட்டும் இருக்கிறது. இதற்காவது கை வரட்டும். ஜூன் 14-க்குள் வந்து சேர வேண்டும். விமானத் தபாலில் போடுங்கள்.

மங்கை


ஜங்லிகாட்
5-6-1969

சௌபாக்கியவதி மங்கைக்கு ஆசி. இங்கே மழை பிடித்துக்கொண்டது. யாவரும் க்ஷேமம்.

கையெழுத்துப் போட்டாயிற்று. மாஜிஸ்திரேட் பஞ்சாபிக்காரர். பேப்பரைப் படித்துவிட்டு மண்டையைச் சொறிந்தார். "யே சயின்டிஸ்ட் ராமகிருஷ்ணன் கோன் ஹை?" என்று, அந்த விஞ்ஞானி யாரெனக் கேட்டார். "மேரி பேட்டி, சாப்", என் மகள்தான் என்றேன். அவர் என்னையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேட்டி கா நாம் ராமகிருஷ்ணன்?" என்றார், மகளுக்கா இந்தப் பெயர் என்று. ஆதியிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கடைசியில் "பஹுத் அச்சா" என்று சொல்லி முத்திரை குத்திக்கொடுத்தார்.

இதை விமானத் தபாலில் போட மனசு வரவில்லை. மழையில் விமானம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கல்கத்தா சுற்றிப் போகிற பையில் முத்திரைத்தாள் மடங்கிக் கசங்கிப் போகும். கான்ட்ராக்டர் சந்திரன் வெள்ளிக்கிழமைக் கப்பலில் சென்னை வருகிறார். அவர் கையில் கொடுத்து, உன் கையில் நேராகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். சர்க்கார் காகிதம் கைமாற்றிப் போவதுதான் முறை. தபாலில் வருவது இந்தக் கடிதம் மட்டும். 14-க்குச் சாவகாசமாக வந்துவிடும்.

அப்பா,
கே. இராமகிருஷ்ணன்


சென்னை
2-7-1969

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நீ எப்படி இருக்கிறாய்? மழைக்கு முழங்கால் இன்னும் வலிக்குமே. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்.

உனக்குத்தான் எழுதுகிறேன். அப்பாவிடம் நீயே சொல்லிவிடு.

சந்திரன் மாமா 19-ந் தேதி வந்தார். புயல் என்று கப்பலைக் கிளம்பவே விடவில்லையாம். முத்திரைத்தாளை மடிக்காமல் தகரக் குழாயில் போட்டுக் கொண்டுவந்தார். ஒரு சுருக்கம் இல்லை. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அப்பா எழுதிய கடிதம் மட்டும் விமானத்தில் 11-ந் தேதியே வந்துவிட்டது. அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். "முத்திரைத்தாள் கப்பல்ல வருதுங்கறதுக்கு இது அத்தாட்சி. கட்டுரை உங்களுதுங்கறதுக்கு அத்தாட்சி இல்லையேம்மா" என்றார் தலைவர். நாலு நாள் தள்ளிவைக்கக் கேட்டேன். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டதாம்.

வேலை குழந்தைவேலுவுக்குப் போய்விட்டது. அவன் என் அறைக்கு வந்து மேஜைமேல் கிடந்த கண்ணாடிக் குழாய்களை வரிசையாக அடுக்கினான். பிறகு, "அக்கா, லண்டன் பத்திரிகை நம்ம ஊர்ல மூணு லைப்ரரியிலதான் வருது. உங்க கட்டுரை இத்தனை பேர் கைக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டான். எங்கள் அப்பா நினைவூட்டு அனுப்பினார் என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

தலைவரும் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுவிட்டு, "உங்க அப்பா வேற எதுவும் எழுதலையா?" என்று கேட்டார்.

மார்ச் மாதமே போட்டிருக்க வேண்டிய கையெழுத்து அம்மா. எனக்கு இப்போது அப்பாவுக்கு எழுத வார்த்தை வரவில்லை. கொஞ்ச நாள் போகட்டும்.

மங்கை


ஜங்லிகாட்
28-8-1969

என் கண் மங்கைக்கு அப்பா எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும்.

இது மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டுக்கும் பதில் இல்லை. இதற்கு நினைவூட்டு எல்லாம் அனுப்ப மாட்டேன். பயப்படாதே. அம்மாவுக்கு முழங்கால் கொஞ்சம் தேவலை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. சோறு மட்டும் வைத்தாள்.

அமெரிக்காக்காரனுக்கு எழுதினேன். வாக்குமூலத்தின் நகல் வைத்து, அந்தப் புத்தகத்தில் இருக்கிற பெயரை உன் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். உடனே பதில் போட்டுவிட்டான், அந்த மட்டில் மரியாதை தெரிந்தவன். ஒருமுறை அச்சானதை மாற்ற வழியில்லையாம். எல்லாம் மெஷின் செய்கிற வேலையாம். எனக்கு வந்த எரிச்சலில் அந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். ஆபீஸ் பழக்கம், கோப்பில் வைத்துவிட்டேன்.

அட்டைகள் இன்னும் வருகின்றன. எல்லாருக்கும் இப்போது ஒரே பதில்தான்: "கட்டுரை எழுதியவர் என் மகள். நான் அவளுடைய தகப்பன் மட்டும். அவளுடைய விலாசம் கீழே." இத்தாலிக்காரருக்கும் எழுதினேன், மழைத்தண்ணீர் விஷயம் நீ சொல்லி நான் கேட்டது என்று. அடுத்த இதழில் திருத்தம் போடுகிறாராம். அந்த நூல்கள் சாய்வது பற்றி உன்னிடம் ஏதோ நாலு கேள்வி கேட்டிருக்கிறார். கடிதத்தை அப்படியே இத்துடன் வைத்திருக்கிறேன். நான் பதில் எழுதவில்லை. கை துறுதுறுத்தது, எழுதவில்லை.

டைப் பிரதி போன எல்லாருக்கும், மூன்றாவது படத்தில் நூல்கள் கோணலாகத்தான் இருக்க வேண்டும் என்று தனித்தனியாகத் திருத்தம் அனுப்பியாகிவிட்டது. உதயசூரியனையே உட்காரவைத்துக் கோணலாக வரையச் சொன்னேன். அவனுக்குக் கோணல் வரவே இல்லை. ரொம்பச் சிரமப்பட்டுப் போனான்.

நீ ஆர். என்று போடு என்று நான் இனிமேல் கேட்க மாட்டேன். பி. போடு. இரண்டும் வேண்டாமென்றால் வெறும் மங்கையர்க்கரசியாக இரு. ஆறு வருஷமாக, என் எழுத்தை நீ எடுத்துவிட்டாய் என்று உள்ளுக்குள் புழுங்கினேன். உன் எழுத்தை நான் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று இந்த மண்டைக்குத் தோன்றவே இல்லை.

நேற்று போஸ்ட் ஆபீஸில் ரிஜிஸ்தர் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டேன். கவுண்டரில் இருந்த விசாலாட்சி பார்த்துவிட்டு, "என்ன சார், அறுபத்து மூணு வயசுல இனிஷியல் மாறிப்போச்சு? கே. எங்கே?" என்று கேட்டாள். "கே. எங்கப்பா. அவர் போயி நாப்பது வருஷமாச்சு, கோவிச்சுக்க மாட்டார்" என்றேன். "அப்ப இது யாரு?" என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். முடிந்தபோது எழுது.

உன் அப்பா,
மங்கையர்க்கரசி இராமகிருஷ்ணன்
(சுருக்கமாக, எம். இராமகிருஷ்ணன்)